நூறு மீட்டருக்கு அந்தப் பக்கம்

தங்கதுரை மேல் உங்களில் பலர் கோபமாக இருப்பீர்கள். எனக்கும் கோபம்தான். தேர்தல் வேலைக்குக் கிளம்பிய பெண்டாட்டியின் பையைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டுக் கழனிக்குப் போய் உட்கார்ந்துகொள்கிற ஆளை என்னதான் செய்வது? நல்ல வேளை, கொளஞ்சி டீச்சர் லேசுப்பட்டவள் இல்லை. பக்கத்து வீட்டு ஏணியைக் கேட்டு வாங்கி, பையை இறக்கிக்கொண்டு, ஓட்டுப்பெட்டி ஏற்றிய பஸ்ஸில் கல்வராயன் மலைக்குப் போய்விட்டாள். அது நேற்று.

இன்று வாக்குப்பதிவு. உள்ளாட்சித் தேர்தல். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன பிறகு நடக்கிற முதல் பஞ்சாயத்துத் தேர்தல். கொரோனா இன்னும் முழுசாகப் போகாததால் எல்லாருடைய முகத்திலும் பாதியை மாஸ்க் மூடியிருந்தது.

"மெடிக்கல் சர்டிபிகேட் குடுத்துட்டு வூட்டுல இரேன். மத்த டீச்சருங்க இருக்கலையா?" என்று தங்கதுரை எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தான்.

"நாம ஓட்டு போடறதுக்கு எங்கேருந்தோ ஒருத்தி வந்து உக்கார்றா இல்ல? அவளுக்கும் புருஷன், புள்ள இருக்காங்க. மலையில இருக்கிறவங்களுக்கு நான் போறேன். அவ்ளோதாங்க" என்றாள் கொளஞ்சி.

அவ்வளவுதான் என்றால் தங்கதுரையும் விட்டிருப்பான். அவன் வயிற்றெரிச்சலுக்குப் பெயர் காசிநாதன்.

கள்ளக்குறிச்சியில் ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். கொளஞ்சி தலைமை அலுவலராக இருக்கும் அதே வாக்குச்சாவடியில் இவர் முதல் அலுவலர். இவர் ஒரு காலத்தில் கொளஞ்சியைப் பெண் பார்க்க வந்து, கேசரி சாப்பிட்டு, ஜாதகம் பொருந்தவில்லை என்று போனவர். எல்லாரும் மறந்துபோன அந்தக் கேசரி இப்போது தங்கதுரையின் தொண்டையில் வந்து மாட்டிக்கொண்டது.

"கம்ப்யூட்டர் கலைச்சுப் போட்ட டூட்டிங்க" என்று அவள் சொன்னதற்கு, "இத்தினி ஆயிரம் பேர்ல அந்தக் கம்ப்யூட்டருக்கு அவன்தான் கெடைச்சானா?" என்று கேட்டவன் இவன். இதற்குக் கம்ப்யூட்டர்தான் பதில் சொல்ல வேண்டும்.

---

காலையில் தங்கதுரை வண்டியை எடுக்கும்போது அவன் அம்மா லட்சுமியம்மாள் வழிமறித்தாள்.

"எங்கடா கெளம்பிட்ட? ஓட்டப் போட்டுட்டுப் போ."

"மோட்டாருக்கு ஒரு சாமான் வாங்கணும்மா. கள்ளக்குறிச்சி போய்ட்டு மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்."

"குஞ்சம்மா வூட்டுல அத்தினி பேரும் இப்பவே லைன்ல நிக்கறாங்கடா. பட்டுப்பொடவ கட்டிக்கினு வந்திருக்கா. கண்ணாலத்துக்கு வந்த மாதிரி."

குஞ்சம்மாள் லட்சுமியம்மாளின் ஓரகத்தி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வார்டு உறுப்பினர் இடம் பெண்களுக்கு என்று அறிவித்ததும் குஞ்சம்மாள் மனு போட்டாள். அதைக் கேட்ட லட்சுமியம்மாளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அவளும் போட்டாள். வார்டில் குடிதண்ணீர் வரவில்லை, சாக்கடை வழிகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"வந்துடறேன்னு சொல்றேன்ல" என்று மகன் வண்டியை முறுக்கினான்.

வண்டி கள்ளக்குறிச்சியில் நிற்கவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையையும் தாண்டி மலையேறியது. ஒவ்வொரு வளைவிலும் தங்கதுரைக்கு ஒரு காட்சி தெரிந்தது. காசிநாதன் சிரிக்கிறார், கொளஞ்சி சிரிக்கிறாள். அடுத்த வளைவில் காசிநாதன் தண்ணீர் கொடுக்கிறார், கொளஞ்சி குடிக்கிறாள். கரியாலூர் வருவதற்குள் அவர்கள் இரண்டு பேருக்கும் அவனே கல்யாணம் செய்து வைத்துவிட்டான்.

---

கரியாலூரையும் தாண்டி உள்ளே இருந்தது அந்த நடுநிலைப்பள்ளி. வாக்குப்பதிவு தொடங்கும் முன்பே கொளஞ்சி ஓட்டுப்பெட்டியைக் கவிழ்த்து, வேட்பாளர்களின் ஏஜெண்டுகளுக்குக் காட்டிவிட்டாள்.

"பாத்துக்குங்க. காலியா இருக்கு. கைய விட்டுப் பாக்கணும்னாலும் பாருங்க."

பாத்துட்டோம் என்று தலையாட்டிய பிறகுதான் சீல் வைத்தாள். மை வைக்கும் அங்கன்வாடி அம்மாவுக்கு ஒரு கிண்ணத்தில் மணலைக் கொட்டி, மைக்குப்பி சாயாதபடி அதில் புதைத்துக் கொடுத்தாள். ஒரு ஆளுக்கு நாலு கலரில் நாலு ஓட்டுச்சீட்டு. எதை யாருக்குப் போடுவது என்று கேட்பவர்களுக்கு எந்தக் கலர் எந்தப் பதவிக்கு என்பதை மட்டும் சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாயிலிருந்து வரக்கூடாது.

அவளுக்குப் பயம் இருந்தது. இங்கே ஒரு தகராறு நடந்தால், மறுவாக்குப்பதிவு என்று வந்தால், முதலில் கேள்வி கேட்பது தலைமை அலுவலரைத்தான். வேலையே போகலாம். அதைவிட, மறுபடியும் இத்தனை பேர் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து வரவேண்டும். பக்கத்துக் குக்கிராமத்திலிருந்து செல்லியம்மாள் என்ற பெண் தன் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு விடியும்போதே வந்து நின்றுவிட்டாள்.

காசிநாதனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தலையில் முடி கம்மி, வயிற்றில் வாயு ஜாஸ்தி. நேற்று வந்திறங்கியதிலிருந்து அவர் பேசியதெல்லாம் சீரகத் தண்ணீரைப் பற்றித்தான். கொளஞ்சியும் அங்கன்வாடி அம்மாவும் ஒரு வகுப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்தார்கள். ஆண்கள் படுத்தது பள்ளிக்கூடத்தின் மறுகோடியில். காசிநாதனின் ஏப்பம் மட்டும்தான் இந்தக் கோடிவரை வந்தது.

இதையெல்லாம் தங்கதுரையிடம் யார் போய்ச் சொல்வது?

---

சாலையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். நூறு மீட்டர். அந்தக் கோட்டில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார்.

"ஓட்டு இங்கயா?"

"இல்ல சார். சொந்தக்காரங்களப் பாக்க வந்தேன்."

"அப்ப கோட்டுக்கு இந்தப் பக்கமே இரு."

எதிரே இருந்த டீக்கடையில் போய் நின்றான். அங்கிருந்து பார்த்தால் பள்ளியின் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் கொளஞ்சி தெரிந்தாள். பக்கத்தில் ஒரு வழுக்கைத் தலை. அவன்தான்!

கொளஞ்சி ஏதோ சொன்னாள். வழுக்கை ஆடியது. மாஸ்க் போட்டிருந்ததால் அவள் சிரிக்கிறாளா, வெறுமனே பேசுகிறாளா என்று தெரியவில்லை. சிரித்தாலாவது பார்த்துத் தொலைத்திருக்கலாம். பாழாய்ப்போன மாஸ்க்குக்குப் பின்னால் அவள் என்ன வேண்டுமானாலும் செய்துகொண்டிருக்கலாம் என்பதுதான் அவனை வாட்டியது.

இன்னொன்றும் அவன் கண்ணில் பட்டது. வருகிறவர்கள் எல்லாரும் அவளிடம் வணங்கிப் பேசினார்கள். அவள் கையைக் காட்டினால் வரிசை நின்றது, தலையசைத்தால் நகர்ந்தது. வீட்டில் அவன் தட்டுக்கு எதிரே நின்று "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்கிறவளா இவள்? அது அவனுக்குப் பெருமையாக இருந்திருக்கலாம். இல்லை, எரிந்தது. காசிநாதன் மேல் எரிந்ததைவிடக்கூட ஒரு பிடி அதிகம்.

அப்போது காசிநாதன் பிளாஸ்கிலிருந்து எதையோ ஊற்றிக் கொளஞ்சியிடம் நீட்டினார். சீரகத் தண்ணீர்தான். அவள் மாஸ்க்கை இறக்கிக் குடித்தாள்.

தங்கதுரை மாஸ்க்கை இழுத்து விட்டுக்கொண்டான். ஒரு ஜீப்பில் வந்து இறங்கிய கும்பலோடு கும்பலாகக் கோட்டைத் தாண்டி, ஆண்கள் வரிசையில் போய் நின்றுவிட்டான்.

---

"பேரு சொல்லுங்க. பூத் சீட்டு எங்க?" காசிநாதன் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சீட்டு இல்ல. டீச்சரண்ட ஒரு வார்த்த கேக்கணும்."

காசிநாதன் நிமிர்ந்தார். கண்ணை இடுக்கினார். பயிற்சி வகுப்புக்கு மனைவியைக் கொண்டுவந்து விட்ட ஆளின் நெற்றியும் புருவமும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டன.

"அட, நீங்க நம்ம கொளஞ்சி வீட்டுக்காரர்தானே?"

நல்ல மனுஷர், மரியாதையாகத்தான் கேட்டார். 'மேடம்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் இந்த அத்தியாயத்தையே வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

"நம்ம கொளஞ்சியா? யாருக்குடா நம்ம கொளஞ்சி?"

இரண்டு கையாலும் மேசையில் ஓங்கி அடித்தான். வலது கை பட்டியலின் மேல் விழுந்தது. இடது கை பக்கத்தில் இருந்த மணல் கிண்ணத்தில் விழுந்தது. கிண்ணம் கவிழ, குப்பியில் இருந்த மை அவன் விரல்களிலும் புறங்கையிலும் வழிந்து மணிக்கட்டுவரை ஓடியது. அங்கன்வாடி அம்மா "ஐயோ" என்று எழுந்துவிட்டாள். வரிசை கலைந்தது.

கொளஞ்சி எழுந்து நின்றாள். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அவை சிரிக்கவில்லை.

"நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?"

"ராத்திரி எங்க படுத்த? அத மொதல்ல சொல்லு."

ஏஜெண்டுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து, "மேடம், இவரு இன்னாத்துக்கு உள்ள வந்தாரு? இவரு யாரு? நாங்க புகார் எழுதணும்" என்றார்.

குடிகாரன், யாரென்று தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மானம் மிஞ்சியிருக்கும். அப்படிச் சொல்ல ஒரு கணம் அவளுக்கு ஆசையாகவும் இருந்தது. சொல்லியிருந்தால் அதை யாரும் தப்பென்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் கொளஞ்சி. "ஆனா இந்த பூத்துல இவருக்கு ஓட்டு இல்ல. வெளிய கூட்டிக்கினு போங்க சார்."

வாசலில் நின்ற போலீஸ்காரர் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்தார்.

"கொளஞ்சி!"

"நடந்தத நானே எழுதி வெக்கிறேன். நீங்களும் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க" என்று அவள் ஏஜெண்டுகளிடம் சொன்னாள். பையிலிருந்து இன்னொரு மைக்குப்பியை எடுத்து அங்கன்வாடி அம்மாவிடம் கொடுத்தாள். பிறகு கலைந்த வரிசையைப் பார்த்துக் கையைக் காட்டினாள்.

வெளியே போகிற வழியில் பெண்கள் வரிசையிலிருந்து செல்லியம்மாள் தங்கதுரையைப் பார்த்துக் கேட்டாள். "ஏம்ப்பா, பொண்டாட்டியண்ட சண்ட போட ஒனக்கு வூடு இல்லயா? நாங்க ஓட்டு போட வேணாமா?"

பெண்கள் சிரித்தார்கள். அவன் தலை நிமிரவில்லை.

---

போலீஸ்காரர் நல்லவர். கோட்டுக்கு வெளியே விட்டு, "பொண்டாட்டி மொகத்துக்காக விடறேன். இன்னொரு தபா உள்ள கால வெச்ச, ஸ்டேஷன்தான்" என்று சொன்னதோடு சரி.

தங்கதுரை குழாயடிக்குப் போய் கையைக் கழுவினான். போகவில்லை. டீக்கடையில் சோப்பு கேட்டான். போகவில்லை. கல்லில் தேய்த்தான், தோல் போனது. மை அப்படியே இருந்தது. ஒரு ஓட்டுக்கு ஒரு கோடு வைப்பார்கள். அவனுக்கு மணிக்கட்டு வரைக்கும் வைத்திருந்தது, ஒரு ஓட்டும் போடாமல்.

மத்தியானம் போன் அடித்தது. அம்மா.

"டேய், எங்கடா இருக்கிற? நம்ம ஏஜெண்டு சொல்றான், நம்ம ஆளுங்கள்ல ஒன் பேரு மட்டும்தான் டிக் ஆவலையாம். குஞ்சம்மா நொண்டி மாமனக்கூடத் தூக்கியாந்து போட வெச்சுட்டா. என்னைப் பாத்துச் சிரிக்கறாடா."

"வண்டி பஞ்சர்மா."

"பஞ்சர் ஒட்ட எத்தினி நேரம் ஆவும்? இப்பக் கெளம்பினா வந்துடலாம். வாடா."

கிளம்பினால் போய்விடலாம்தான். தங்கதுரை தன் இடது கையைப் பார்த்தான். இந்தக் கையோடு ஊரில் எந்த பூத்துக்குள் போய் நிற்பது? ஏற்கெனவே ஓட்டுப் போட்டவன் என்று சொல்லி விரட்டுவார்கள். எப்படி வந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? பெண்டாட்டியை வேவு பார்க்கப் போய் வந்தது என்றா?

"முடியாதும்மா" என்றான்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லட்சுமியம்மாள் சத்தமில்லாமல் இருப்பது நல்லதற்கில்லை என்று மகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் அன்றைக்கு எதையும் தெரிந்துகொள்ளும் நிலையில் இல்லை.

"சரி, வுடு. நான் பாத்துக்கறேன்" என்று அவள் வைத்துவிட்டாள்.

---

வாக்குப்பதிவு முடிந்து, பெட்டிக்குச் சீல் வைத்து, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தங்கதுரை வீட்டுக்குப் போகவில்லை. போக வெட்கம். போகாமலிருக்க இன்னொரு காரணமும் உண்டு. திரும்புகிற பஸ்ஸில் அவள் யார் பக்கத்தில் உட்காருகிறாள் என்று பார்க்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும்!

கொளஞ்சி நேராக அவனிடம் வந்தாள். மாஸ்க்கைக் கழற்றிவிட்டாள். முகம் வாடியிருந்தது.

"சாப்பிட்டீங்களா?"

அவன் வண்டிச் சாவியைத் தடவிக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால் பேசியிருப்பான்.

"ஓட்டு போட்டீங்களா?"

கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அவள் அந்தக் கை போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது மறுபடியும் போன். சிக்னல் சரியில்லை என்று ஸ்பீக்கரில் போட்டான். லட்சுமியம்மாளின் குரல் மலையில் எதிரொலிக்காத குறைதான்.

"டேய் தங்கதுர, கவலப்படாத. ஒன் ஓட்டும் வுழுந்துடுச்சு!"

"இன்னாம்மா சொல்ற?"

"நம்ம பூமால பெங்களூர்லேந்து வந்திருக்கான் இல்ல, பங்காளி மவன். அவனுக்குத்தான் இங்க ஓட்டே இல்லியே, வெரலு சும்மாதான கெடக்குது. சாமி படத்துக்குப் பின்னால இருந்த ஒன் ஓட்டு கார்டக் குடுத்து அனுப்பினேன். ஒன்ன மாதிரியே ஒசரம், மாஸ்க்கு வேற. ஒருத்தனும் கேக்கல!"

பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்த காசிநாதன் நின்றுவிட்டார். பெட்டிக்குக் காவல் வந்த போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

கொளஞ்சி போனைக் கையில் வாங்கினாள். "அத்த, நான் கொளஞ்சி பேசறேன். இவரு ஓட்ட வேற ஒருத்தர் போட்டாரா?"

"ஆமாண்டி. ஊரான் ஓட்டா போட்டேன்? என் புள்ள ஓட்டு. ரேஷன் கடைல இந்த மாசம் நான் போறேன், அடுத்த மாசம் நீ போற. வூட்டுக்கு ஒரு கார்டு, யாரு போனா இன்னா? சக்கர குடுக்கலையா?"

"அது வூட்டு கார்டு அத்த. இது அவருடையது."

"எனக்கு இன்னாடி தெரியும் அதெல்லாம்? குஞ்சம்மா மாமன் மவன் வூடு வரைக்கும் ஆள் சேத்துக்கினு நிக்கறா. நான் கைய கட்டிக்கினு பாத்துக்கினு இருக்கணுமா?"

கொளஞ்சி போனைப் புருஷன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இது எனக்குத் தெரியாம இருந்திருக்கணும்" என்றாள். "இப்பத் தெரிஞ்சுபோச்சு. காலைல உங்கள வெளிய அனுப்பினேன். உங்க அம்மான்னு இத வுட்டுடுவேன்னு நெனைக்காதீங்க. நாளைக்குத் தேர்தல் ஆபீஸ்ல நீங்களே போய்ச் சொல்றீங்களா? இல்ல, நான் சொல்லட்டுமா?"

டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் போய் ஏறினாள். காசிநாதன் பக்கத்தில்தான் இடம் இருந்தது. அங்கேதான் உட்கார்ந்தாள். தங்கதுரை பார்த்தான். காலையிலிருந்து அவனைச் சுட்டுக்கொண்டிருந்த காட்சி கண்ணெதிரே நடந்தது. நடந்தும் சுடவில்லை.

அவன் மனசு ஊரில் இருந்தது. தன் பெயரைச் சொல்லி, தன் கார்டைக் காட்டி, அட்டை மறைப்புக்குப் பின்னால் தன் இடத்தில் நின்ற பூமாலையை நினைக்க நினைக்க வயிறு பற்றிக்கொண்டு வந்தது. காசிநாதன் அவனிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. எடுத்தவன் பூமாலை. எடுத்துக் கொடுத்தது பெற்ற தாய். காவல் காக்க வேண்டியவன் இங்கே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான்.

போனில் அம்மா இன்னும் இருந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"தங்கதுர… இருக்கிறியா? அந்தப் பூமால வெளிய வந்ததும் நேரா குஞ்சம்மா வூட்டுக்குத்தாண்டா காப்பி குடிக்கப் போனான். எனக்குத்தான குத்தியிருப்பான்?"

"எனக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்றான் தங்கதுரை. "என் ஓட்ட நானா போட்டேன்?"